ஐஸ் செலவு எங்கே போனது? ஒரு தண்ணீர்ப் பந்தல் கணக்கும் ஃப்ளூயிட் மொழியும்

பினாங்குத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகிற வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். பெரிய வங்கி போட்ட பந்தலும் இருக்கும், நாலு குடும்பம் சேர்ந்து போட்ட பந்தலும் இருக்கும். இந்த ஆய்வு இரண்டாவது வகைப் பந்தல் ஒன்றின் கணக்கையும், அதிலிருந்த பிழையைத் தேட நான் பயன்படுத்திய ஃப்ளூயிட் என்ற நிரல்மொழியையும் பற்றியது. அந்தப் பந்தல் அடுக்குமாடிவாசிகளும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்காரர்களும் சேர்ந்து நடத்துவது. குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. தொகைகளையும் மாற்றி, முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன். நடந்த பிழையின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படிப்பட்ட பந்தலில் பெரிய செலவு ஐஸ். 2017-இலிருந்து வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் ஓடுகிறது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து ஒன்று, பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேருவதில்லை. பந்தலோ இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும். வெயிலில் கரைகிற பொருளை மணிக்கணக்கில் வைத்திருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. எனவே கையிருப்பு தீரத் தீர, பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே ஓடி வாங்குவார்கள். அப்படி வந்த பில்கள்தான் இந்தக் கதையின் மையம்.

ஆண்டுக் கணக்கைப் பொருளாளர் காட்டினார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். எக்செல் தாளில் பட்டை வரைபடம்: பந்தல் கூடாரமும் மேசையும் 650 ரிங்கிட், பாலும் சிராப்பும் 860, சீனி 570, குவளை 480, ஐஸ் 520, இதர 1,120. மொத்தம் 4,200. வரவில் செலவு போக மீதி, வங்கி இருப்போடு ஒரு காசு பிசகாமல் பொருந்தியது. ஐஸ் பட்டையைப் பார்த்துக் குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டார்: “டீச்சர், போன வருஷம் ஐஸுக்கு ஆயிரத்து நூத்தம்பது வெள்ளி (ரிங்கிட்). இந்த வருஷம் கூட்டம் அதிகம். எப்படி பாதிகூட வரல?”

டீச்சரிடம் பதில் இல்லை. தொகை கூடிவிட்டது, வங்கியோடு பொருந்திவிட்டது, அதற்கு மேல் என்ன பார்ப்பது என்பது நியாயமான கேள்விதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இதர’ என்ற பட்டை போன வருடம் 380, இந்த வருடம் 1,120. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘இதர’ என்று எழுதிவிட்டால் அந்த இடத்தில் கண் நிற்பதே இல்லை.

எக்செல் காட்டிய அம்பு

கோப்பு என்னிடம் வந்தது. முதலில் எக்செல்லிலேயே ஒரு வசதி இருக்கிறது: ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அது எந்தக் கட்டங்களிலிருந்து கணக்கிடப்பட்டது என்று நீல அம்பு போட்டுக் காட்டும். ஐஸ் தொகை உள்ள கட்டத்தில் அதைப் போட்டேன். அம்பு செலவுப் பட்டியலின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை மொத்த நெடுக்கையையும் சுட்டியது. சூத்திரம் ‘வகை ஐஸ் என்றால் கூட்டு’ என்கிற நிபந்தனைக் கூட்டல். சூத்திரத்தில் எழுதியிருக்கும் வீச்சு முழு நெடுக்கை, ஆகவே அம்பும் முழு நெடுக்கை. எந்த வரிசை உண்மையில் கூட்டலுக்குள் போனது, எது வாசலிலேயே நின்றுவிட்டது என்பதை அந்த அம்பு சொல்லாது.

இந்த வேறுபாடு பழையது. நிரலில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைப் பாதிக்கக்கூடிய வரிகளை மட்டும் வெட்டி எடுக்கும் முறையை மார்க் வைசர் 1981-இல் முன்வைத்தார். அது நிரலின் எழுத்தை மட்டும் பார்த்து, ‘பாதிக்க வாய்ப்புண்டு’ என்று சொல்லும் முறை. 1988-இல் கோரெலும் லாஸ்கியும் அதை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்: இந்தத் தரவை வைத்து இந்த முறை ஓடியபோது உண்மையில் எது பாதித்தது என்று பார்ப்பது. எக்செல் அம்பு முதல் வகை. டீச்சரின் கணக்குக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

தரவுத்தள ஆய்வாளர்களும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தார்கள். 2001-இல் புனேமன், கன்னா, டான் மூவரும் ஒரு வினவலின், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின், விடையைப் பற்றிக் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்கள். இந்த மதிப்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒன்று. இந்த மதிப்பு விடையில் இருப்பதற்கு எந்தெந்தப் பதிவுகள் காரணம் என்பது இன்னொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஐஸ் கணக்கில் இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்பது கீழே வரும்.

ஃப்ளூயிட் செய்வது

ஃப்ளூயிட் ஒரு சோதனை நிலை நிரல்மொழி. ரோலி பெரேரா முன்னின்று உருவாக்கி வருவது, மூலநிரல் திறந்திருக்கிறது. பியூர்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதப்பட்டது, உலாவியிலேயே ஓடும். ஃபங்ஷனல் வகை மொழி. அதாவது மாறிகளை இடையில் அழித்து அழித்து எழுதுகிற பழக்கம் இல்லை. ஒரு மதிப்பிலிருந்து அடுத்த மதிப்பு உருவாகும். இந்தக் குணம் தடம் பிடிப்பதற்கு ரொம்ப வசதி. பெரேராவும் அகார், செனி, லெவி ஆகியோரும் 2012-லேயே தங்கள் வேலையைத் தாங்களே விளக்கும் ஃபங்ஷனல் நிரல்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வரைபடங்களோடு அதை இணைத்த கட்டுரை 2022-இல் பாப்பல் (POPL) என்ற நிரல்மொழி ஆய்வு மாநாட்டில் வந்தது: பெரேரா, மின் நுயென், தாமஸ் பெட்ரிசெக், மெங் வாங்.

யோசனை இதுதான். சாதாரண மொழியில் நிரல் ஓடி முடிந்ததும் 520 என்ற எண் மட்டும் மிஞ்சும். ஃப்ளூயிட்டில் ஓட்டத்தின்போதே ஒவ்வொரு மதிப்போடும் அது எதைச் சார்ந்து உருவானது என்கிற செய்தியும் கூடவே வரும். வரைபடத்தில் ஒரு பட்டையை அழுத்தினால், அந்தப் பட்டைக்குத் தேவைப்பட்ட மூலத் தரவு ஒளிரும். மூலத் தரவில் ஒரு கட்டத்தை அழுத்தினால், அதை நம்பியிருக்கும் பட்டைகள் ஒளிரும். இதற்காக நிரல் எழுதுபவர் தனியாக ஒரு வரியும் எழுத வேண்டாம்.

‘வேண்டாம்’ என்பதுதான் இங்கே முக்கியமான சொல். ஒரு வரைபடத்தில் சுட்டினால் மற்றொன்றில் ஒளிரும் வித்தை புதிதல்ல. பெக்கரும் கிளீவ்லாண்டும் 1987-இல் புள்ளி வரைபடங்களுக்கு அதைச் செய்து காட்டிவிட்டார்கள். இன்று செய்தித்தாள் இணையதளங்களில்கூடப் பார்க்கிறோம். ஆனால் பெரும்பாலும் அதை ஒரு நிரலாளர் கையால் கட்டியிருப்பார். இந்தப் பட்டைக்கு இந்த வரிசைகள் என்று அவர் நினைத்ததைத்தான் அது காட்டும். கணக்கு ஒன்று செய்யும், ஒளிர்வு வேறொன்று சொல்லும். இரண்டும் பிரிந்துபோனால் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஃப்ளூயிட் இதற்குக் கணிதத்தில் ஒரு பிடிமானம் வைத்திருக்கிறது. கலுவா இணைப்பு என்று பெயர். பயப்பட வேண்டியதில்லை, உள்ளடக்கம் எளிது. இரண்டு திசையில் இரண்டு கேள்வி. பின்னோக்கி: இந்தப் பட்டை வேண்டுமென்றால் குறைந்தபட்சம் எந்தத் தரவு வேண்டும்? முன்னோக்கி: இந்தத் தரவு மட்டும் கையில் இருந்தால் எந்தெந்தப் பட்டையைக் கணக்கிட முடியும்? பின்னோக்கிப் போய்க் கிடைத்த தரவை வைத்துக்கொண்டு முன்னோக்கி வந்தால், தொடங்கிய பட்டை கட்டாயம் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த உறுதி இருப்பதால், ஒளிர்கிற வரிசைகள் போதாமல் போவதற்கு வழியில்லை. முன்னோக்கிய கேள்வியைத் தலைகீழாக்கினால் மூன்றாவது ஒன்று கிடைக்கும்: இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் எந்தப் பட்டைகள் விழும்? மூலத் தரவில் அழுத்தும்போது ஒளிர்வது அதுதான்.

ஒளிராத நான்கு வரிசைகள்

டீச்சரின் செலவுப் பட்டியலைத் தரவாக ஏற்றி, பட்டை வரைபடத்துக்கான கணக்கை ஃப்ளூயிட்டில் எழுதிப் பார்த்தேன். எக்செல் செய்ததையே செய்தேன், திருத்தவில்லை. அடுத்த கூட்டத்தில் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தோம். மூத்தவரையே அழுத்தச் சொன்னேன்.

ஐஸ் பட்டையை அழுத்தினார். தொகை நெடுக்கையில் மூன்று கட்டங்கள் ஒளிர்ந்தன: 180, 180, 160. கூட்டினால் 520. கணக்கு சரி. நான் விளக்க வாயெடுப்பதற்குள் டீச்சர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அவர் பார்த்தது ஒளிர்ந்தவற்றை இல்லை, மங்கலாக இருந்தவற்றை.

“இது மலாய்க்காரர் கடை பில்லு. இதுவும் ஐஸ்தானே? இது ஏன் எரியல?”

நான்கு வரிசைகள். 200, 180, 180, 160. ஆக 720. மூன்று பில்களுக்கு டீச்சர் தமிழில் ‘ஐஸ்’ என்று வகை போட்டிருந்தார். மீதி நான்கைப் பதிந்தது வேறொரு பையன். அவன் பில்லில் இருந்தபடியே ரூமி எழுத்தில், அதாவது மலாய்க்கான ரோமன் எழுத்தில், ‘ஐஸ் பத்து’ (ais batu, மலாயில் ஐஸ்கட்டி) என்று தட்டியிருந்தான். பொருள் ஒன்றுதான். கணினிக்கு அது சம்பந்தமே இல்லாத வேறொரு எழுத்துத் தொடர். மூன்று மொழியில் பில் வருகிற ஊரில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். சீனர் கடை பில்லில் பாதி எனக்குப் படிக்கவே வராது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிழையைக் காட்டியது ஒளிர்வு இல்லை, ஒளிர்வின் இல்லாமை. இதே வடிவத்தில் உலகப் புகழ்பெற்ற பிழை ஒன்று உண்டு. அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றி ரைன்ஹார்ட்டும் ரோகோஃபும் 2010-இல் எழுதிய கட்டுரையின் எக்செல் கோப்பில், சராசரிச் சூத்திரம் 30-ஆம் வரிசையிலிருந்து 49 வரை போயிருக்க வேண்டும், 44-இலேயே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. 2013-இல் ஹெர்ன்டன், ஆஷ், பொலின் மூவரும் கோப்பை வாங்கிப் பார்த்துச் சொன்னார்கள். அதிகக் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் என்றிருந்தது, இவர்கள் திருத்திய கணக்கில் 2.2 சதவீதம் ஆனது. அந்த வித்தியாசம் முழுக்க விட்டுப்போன ஐந்து நாடுகளால் வந்ததில்லை. சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான் பெரும்பங்கு. ஆனாலும் மக்கள் நினைவில் நிற்பது அந்த ஐந்து வரிசைகள்தான், ஏனென்றால் அதை ஒருவர் விரலால் சுட்டிக் காட்ட முடியும்.

‘இதர’ செய்த குழப்பம்

ஐஸில் கிடைத்த வேகத்தில் மூத்தவர் ‘இதர’ பட்டையையும் அழுத்தினார். காணாமல்போன 720 அங்கேதானே போயிருக்க வேண்டும்?

எல்லா வரிசையும் ஒளிர்ந்தது. கூடாரம், பால், சீனி, குவளை, ஐஸ், எல்லாம். கூட்டத்தில் ஒரு சிரிப்பு. “தம்பி, உங்க மொழிக்கு எல்லாமே இதரதான் போல.”

நிரல் பொய் சொல்லவில்லை. டீச்சரின் தாளில் ‘இதர’ எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள்: மொத்தச் செலவிலிருந்து பெயர் வைத்த வகைகளின் கூட்டுத்தொகையைக் கழித்து மிஞ்சியது. ஆகவே 650 ரிங்கிட் கூடாரச் செலவு ஒரு பக்கம் மொத்தத்துக்குள் கூட்டப்படுகிறது, மறுபக்கம் வகைக்குள் போய்க் கழிக்கப்படுகிறது. முடிவில் அதன் பாதிப்பு பூச்சியம். ஆனால் சார்பைத் தேடுகிற ஆய்வு எண்கணிதச் சுருக்கம் செய்வதில்லை. எந்த மதிப்பு எந்த வழியாக நடந்து வந்தது என்று மட்டும் பார்க்கிறது. கூடாரச் செலவு இரண்டு வழியாக நடந்து வந்திருக்கிறது, ஆகவே ஒளிர்கிறது.

பட்டைகளின் கூட்டுத்தொகை எப்போதும் மொத்தத்தோடு பொருந்தியதற்கும் இந்தக் கழித்தல்தான் காரணம். எந்த வகையில் எவ்வளவு விட்டுப்போனாலும் ‘இதர’ அதை விழுங்கிவிடும். வங்கியோடு பொருந்துகிறது என்ற நிம்மதி, உள்ளே பிரிவு சரியா என்பதற்குச் சாட்சியே ஆகாது. டீச்சர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. எங்கள் தொழிற்சாலை அறிக்கைகளிலும் இந்தக் கழித்தல் வழக்கம் உண்டு.

ஆகவே கணக்கை மாற்றி எழுதினேன்: பெயர் வைத்த எந்த வகையிலும் சேராத வரிசைகளை எடுத்து நேராகக் கூட்டு. அதே 1,120 வந்தது. எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பட்டையை அழுத்தினால் இப்போது அந்தந்த வரிசைகளின் தொகை மட்டும் ஒளிர்ந்தது, நான்கு ‘ஐஸ் பத்து’வும் அவற்றில் பளிச்சென்று தெரிந்தன. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுதான். ஒரே விடை தருகிற இரண்டு சூத்திரங்கள் தடம் என்று வரும்போது ஒன்றில்லை. தடம் பிடிக்கிற மொழி கையில் வந்ததும், ‘இந்த எண் சரியா’ என்பதோடு ‘இந்த எண்ணை அழுத்தினால் என்ன தெரிய வேண்டும்’ என்றும் யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. ஃப்ளூயிட் பற்றிப் பேசுகிறவர்கள் தடம் தானாக வரும் என்பதையே அழுத்திச் சொல்வார்கள். தானாகத்தான் வருகிறது. ஆனால் பயனுள்ள தடம் தானாக வராது.

இன்னொரு நுட்பம். ‘வகை ஐஸ்தானா’ என்று சோதிக்க நிரல் எல்லா வரிசையின் வகைக் கட்டத்தையும் படிக்கிறது. படித்துப் பார்த்து ஒதுக்கியதும் சார்புதானா? தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டால் மூன்று வரிசைகள். முடிவு இப்படி அமைந்ததற்கு எவையெல்லாம் காரணம் என்று கேட்டால், ‘நீ ஐஸ் இல்லை’ என்று ஒதுக்கப்பட்ட வரிசைகளும் காரணம்தான். அவற்றில் எழுத்து மாறியிருந்தால் தொகை மாறியிருக்கும். நம் ஊர்ப் புகைமூட்டக் காலத்தில் எல்லாரும் பார்க்கிற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. நுண்துகள் இரண்டு அளவு, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் என்று ஆறுக்கும் தனித்தனித் துணைக்குறியீடு போட்டு, எது உச்சமோ அதையே குறியீடாக அறிவிக்கிறார்கள். குறியீடு 152 என்றால் அது பி.எம். 2.5 என்ற நுண்துகளின் எண்ணாக இருக்கலாம். ஆனால் மற்ற ஐந்தும் அதைவிடக் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த எண் வந்தது. பொதுமக்களுக்கு ஒன்றைக் காட்டுவதா, ஆறையும் காட்டுவதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும், மொழி ஒன்றைத் தேர்ந்துகொடுத்துவிட்டால் மற்றது மறைந்துவிடும்.

எழுபது காசு

கணக்கின் கடைசிப் பக்கத்தில் குழு பெருமையாகப் போட்டிருந்த ஒரு வரி: ‘ஒரு குவளைக்கு ஆன செலவு 70 காசு.’ நன்கொடையாளர்களிடம் போகும்போது சொல்கிற எண் அது. 4,200-ஐ 6,000-ஆல் வகுத்தது.

70 காசை அழுத்தினோம். செலவு வரிசைகள் எல்லாம் ஒளிர்ந்தன, அது எதிர்பார்த்ததுதான். அவற்றோடு இன்னும் இரண்டு இடங்கள்.

ஒன்று, சீனி. பணம் கொடுத்து வாங்கிய சீனி இல்லை. ஒரு மளிகைக்காரர் 200 கிலோ பொருளாகவே கொடுத்தார். டீச்சர் அதற்குக் கிலோவுக்கு 2.85 ரிங்கிட் என்று அப்போதைய சில்லறைக் கட்டுப்பாட்டு விலையைப் போட்டு 570 என்று பதிந்து, வரவிலும் செலவிலும் காட்டியிருந்தார். முறைப்படி சரியான பதிவுதான். அந்த 2.85 என்ற ஒற்றைக் கட்டத்தை அழுத்திப் பார்த்தால் வரவுப் பக்கத்தில் பொருள் நன்கொடைப் பட்டை, செலவுப் பக்கத்தில் சீனிப் பட்டை, கடைசிப் பக்கத்தில் 70 காசு என்று மூன்றும் சேர்ந்து ஒளிர்ந்தன. வெவ்வேறு பக்கத்தில் இருக்கிற எண்கள், ஒரே மூதாதையின் வாரிசுகள்; பங்காளிகள் என்றே சொல்லலாம். ஃப்ளூயிட் குழுவின் பிந்தைய ஆய்வு இந்தப் பங்காளி உறவைத்தான் நேராகக் கேட்க வைக்கிறது. பாண்ட், டேவிட், நுயென், ஆர்ச்சர்ட், பெரேரா ஆகியோர் 2025-இல் வெளியிட்டார்கள்: ஓட்டத்தின் சார்புகளை ஒரு வலைப்பின்னலாகக் கட்டி, இரண்டு வெளியீடுகளுக்குப் பொதுவான மூலத் தரவு உண்டா என்று அந்த வலைப்பின்னலில் தேடுவது.

மொத்த வியாபாரிக்கு அந்த விலை இராது என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் மளிகைக்கடையில் வேலை பார்ப்பவர், ஆகவே விவாதம் சற்று நீண்டது.

இரண்டாவது இடம்தான் உறுத்தியது. 6,000 என்ற எண். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், குவளை வாங்கிய வரிசையின் எண்ணிக்கைக் கட்டம்: ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆயிரம். அதாவது ஊற்றிக் கொடுத்த குவளை இல்லை, வாங்கிய குவளை. “டீச்சர், மாடிப்படிக்குக் கீழ ஒரு பெட்டி பிரிக்காம கிடக்கு” என்று ஒரு அக்கா சொன்னார். போய்ப் பார்த்தார்கள், இருந்தது. பிரிக்காத பெட்டியின் விலை 80 ரிங்கிட்டைக் கழித்து, 5,000 குவளைக்கு வகுத்தால் ஏறக்குறைய 82 காசு. பிரித்த பெட்டிகளிலும் எத்தனை குவளை காற்றில் பறந்தது, எத்தனை பேர் ஒரே குவளையை மறுபடி நீட்டினார்கள் என்பதெல்லாம் கணக்குக்கு அப்பாற்பட்டது.

தடம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது தரவுக் கோப்பின் விளிம்பில் நின்றுவிடும். ஆறு என்ற எண்ணுக்குப் பின்னால் மாடிப்படி இருப்பது எந்த மொழிக்கும் தெரியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அது சரியாகச் சொன்னதால்தான் அந்த அக்காவுக்குப் பேச வேண்டிய இடம் தெரிந்தது. அதற்கு முன் அவரும் அந்த 70 காசைப் பலமுறை கேட்டிருப்பார்.

எக்செல்லிலேயே கண்டுபிடித்திருக்க முடியாதா?

முடியும். வகைவாரியாக ஒரு பிவட் அட்டவணை (ஒவ்வொரு வகைப் பெயருக்கும் தனித்தனியே கூட்டித் தரும் எக்செல் வசதி) போட்டிருந்தால் ‘ஐஸ் பத்து’ தனி வரிசையாக வந்து நின்றிருக்கும். எக்செல் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. ஃப்ளூயிட்டில் எழுத அதைவிட அதிக நேரம் பிடித்தது. ஆய்வு நிலை மொழி என்பதால் உதவிக் குறிப்புகள் கொஞ்சம்தான், பிழைச் செய்திகளும் மொழியை உருவாக்கியவருக்குத்தான் நன்றாகப் புரியும் போலிருந்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் சார்பைச் சுமப்பதால் நினைவகச் செலவும் நேரச் செலவும் உண்டு. ஒரு பந்தலின் செலவுப் பட்டியலுக்கு அது பொருட்டே இல்லை. லட்சக்கணக்கான வரிசை உள்ள அரசுத் தரவை இப்படி ஓட்டுவது வேறு விஷயம், நான் முயலவில்லை.

ஆனால் பிவட் போட, வகைப் பெயரில்தான் கோளாறு என்று முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூத்தவருக்கு இருந்தது ‘இது கம்மியா இருக்கே’ என்ற உணர்வு மட்டும். அந்த உணர்வை அப்படியே விரலால் திரையில் வைக்க முடிந்தது, பதில் வரிசைகளாக வந்தது, அதைப் படிக்க டீச்சருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் தனியாக உட்கார்ந்து பிவட் போட்டுக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால், குழு என் பேச்சை நம்ப வேண்டியிருந்திருக்கும். குவளைப் பெட்டியோ எனக்குத் தெரியவே வந்திருக்காது.

குழு கணக்கை ஃப்ளூயிட்டுக்கு மாற்றவில்லை. மாற்றச் சொல்லவும் மாட்டேன். அடுத்த ஆண்டு மொழியின் இலக்கணம் மாறினால் யார் உட்கார்ந்து திருத்துவது? எக்செல் தாளிலேயே நான்கு மாற்றங்கள் செய்தோம். வகையைத் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இதர’ இனிக் கழித்து வராது, நேராகக் கூட்டி வரும். பட்டைகளின் கூட்டுத்தொகையும் மொத்தமும் பொருந்தாவிட்டால் கட்டம் சிவப்பாகும். குவளைக் கணக்கு பிரித்த பெட்டியிலிருந்து. திருத்திய வரைபடத்தில் ஐஸ் 1,240, இதர 400. போன வருடத்தைவிட ஐஸ் கூடுதல், மூத்தவர் எதிர்பார்த்தபடி.

சீனி விலை மட்டும் முடிவாகவில்லை. கொடுத்த மளிகைக்காரரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு பக்கம், தர்மத்துக்குக் கொடுத்தவரிடம் விலை கேட்பது அழகா என்று மறுபக்கம். இப்போதைக்கு 2.85 அப்படியே நிற்கிறது, பக்கத்துக் கட்டத்தில் ‘சில்லறை விலை, மதிப்பீடு’ என்று டீச்சர் எழுதி வைத்திருக்கிறார்.